கட்டாக்காலிப் பூனையை மணற்பெட்டிக்குப் பழக்குதல்

மன்னார்த் தீவிலும் அதற்கு எதிரேயுள்ள பெருநிலக் கரையிலும் பூனையின் நடமாட்டம் இல்லாத இடம் அரிது. மீன் இறங்கும் துறை, கருவாட்டு வாடி, சந்தை, நெல் மூட்டை அடுக்கிய களஞ்சியம் ஆகிய யாவும் அதற்கு இரை கிடைக்கும் இடங்களே. உரியவரின்றித் திரியும் கட்டாக்காலிப் பூனையொன்று ஒரு வீட்டின் அடுப்படியை நாடி வந்து அங்கேயே தங்கிவிடுவது வழக்கம். எலித்தொல்லை குறையும் என்னும் எண்ணத்தால் வீட்டாரும் அதனை விரட்டுவதில்லை. சில நாட்களில் முறைப்பாடு தொடங்குகின்றது. கத்தரி நாற்றுமேடை கிளறப்பட்டுக் கிடக்கின்றது. ஆட்டுத் தீவனச் சாக்கின்மேல் ஈரம் காணப்படுகின்றது. பிள்ளைகள் விளையாடும் மணலைக் கிளறினால் மலம் வெளிப்படுகின்றது. ஈற்றில் பூனையைச் சாக்கிலிட்டுத் தொலைவிற் கொண்டுபோய் விட்டுவிடுகின்றனர். அதன் இடத்துக்கு வேறொரு பூனை வருகின்றது. முறைப்பாடும் முன்போலவே தொடர்கின்றது.

வந்த பூனையை விரட்டுவதிலும், அதனை ஒரே இடத்தில் மலசலங் கழிக்கப் பழக்கிக்கொள்வது எளிது. குட்டியைப் பழக்கலாம், வளர்ந்த பூனையைப் பழக்க இயலாது எனப் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது. மூன்று நான்கு வயதான பூனையும் நான்கைந்து கிழமைக்குள் பழகக்கூடியதே. ஆனால் நாயைப் பழக்குவதுபோல அதட்டியும் அடித்தும் பழக்க முற்படுவோர் தோல்வியே அடைவர்.

பூனை மணலை நாடுவது ஏன்?

வீட்டுப் பூனையின் மூதாதை ஆபிரிக்கக் காட்டுப்பூனை ஆகும். வட ஆபிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் உள்ள வறண்ட நிலங்களே அதன் இருப்பிடம். மனிதர் தானியத்தைச் சேர்த்துவைக்கத் தொடங்கிய காலத்தில், தானியத்தை நாடி எலி வந்தது. எலியை நாடிப் பூனை வந்தது. சைப்பிரசுத் தீவில், ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழியொன்றில் மனிதரின் அருகே பூனையொன்றும் புதைக்கப்பட்டிருந்தமை 2004ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அத்துணைக் காலம் மனிதரோடு வாழ்ந்தும், உலர்ந்து பொலபொலத்த மண்ணைக் கிளறிக் குழி பறித்து, அதில் மலசலங் கழித்து, மீண்டும் மூடும் இயல்பைப் பூனை விட்டுவிடவில்லை. தாயிடம் இதனைக் கற்காத குட்டியும் மணலைக் கண்டவுடன் கிளறத் தொடங்கும்.

ஆதலால் பூனைக்குப் புதைக்கக் கற்பிக்க வேண்டியதில்லை. எந்த மணலிற் புதைப்பது என்பதையே கற்பிக்க வேண்டும். மன்னாரில் இதுவே கடினமான பகுதி. தரையெங்கும் சீமெந்து பூசிய நகர வீட்டில் பூனைக்கு மணல் வேண்டுமாயின் பெட்டியை விட்டால் வேறிடம் இல்லை. பேசாலையிலோ எருக்கலம்பிட்டியிலோ உள்ள ஒரு வளவில், வீட்டு வாசலைத் தாண்டிய இடமெல்லாம் பூனைக்கு மணற்பெட்டியே. அயலூர்களில் கைக்கொள்ளும் முறையை அப்படியே இங்கு கைக்கொண்டு, பெட்டியில் மணலை நிரப்பி ஒரு மூலையில் வைத்துவிட்டு, பூனை அதனைத் திரும்பியும் பாராதது கண்டு சலிப்படைவோர் இதனைக் கவனிக்க வேண்டும். பெட்டியின் மணல் வெளி மணலிலும் பூனைக்கு உவப்பானதாக இருத்தல் வேண்டும். வெளி மணலோ, குறைந்தபட்சம் தோட்டத்திலும் தீவனத்தருகிலும், அதற்கு உவப்பற்றதாக ஆக்கப்படல் வேண்டும். இவ்விரண்டில் ஒன்றை மாத்திரம் செய்வதாற் பயனில்லை.

மலத்தில் உள்ள கேடு

கிளறப்பட்ட நாற்றை மீண்டும் நட்டுவிடலாம். அதனிலும் பெரிய நட்டம் கண்ணுக்குத் தெரியாதது.

டொக்சோபிளாஸ்மா என்பது ஓர் உயிரணு மட்டுமேயுடைய நுண்ணிய ஒட்டுண்ணி. இது 1908ஆம் ஆண்டில் தூனிசில் ஒரு கொறிவிலங்கின் உடலிலே கண்டறியப்பட்டது. ஆயினும் அது பரவுவதிற் பூனைக்குள்ள பங்கு 1970ஆம் ஆண்டளவிலேயே உறுதியாயிற்று. நோயுற்ற எலியையோ பச்சை இறைச்சியையோ தின்ற பூனையின் குடலில் இவ்வொட்டுண்ணி பெருகி, தடித்த ஓடுடைய வித்துக்களாக மலத்தோடு வெளியேறும். ஒரே பூனை இலட்சக்கணக்கிற் கழிக்கக்கூடும். இவ் வித்துக்கள் தீவனத்திற் கலந்து சினையாட்டின் வயிற்றுட் சென்றால், ஆடு கருவை இழக்கலாம்; குட்டி இறந்தோ வலுவிழந்தோ பிறக்கலாம். ஒன்றிரண்டு ஆடுகளின் ஈற்றை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது ஓர் ஆண்டின் வருவாய் அழிவதாகும். ஆடு கருச்சிதைவதற்கு வேறு காரணங்களும் உள. ஆதலால் கருச்சிதைவு நேர்ந்தவிடத்துப் பூனையைப் பழிக்குமுன் மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். சிதைந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடலாகாது.

கருவுற்ற பெண்ணுக்கும் இவ்வாறே. கருவுற்ற காலத்தில் முதன்முறையாக இந்நோய் தொற்றுமாயின் வயிற்றிலுள்ள சிசுவின் கண்ணும் மூளையும் பழுதுறக்கூடும். ஆகவே கருவுற்றிருப்பவர் மணற்பெட்டியைத் துப்புரவு செய்யும் பணியைப் பிறரிடம் விட்டுவிடுதல் வேண்டும். தோட்ட மண்ணிற் கைவைத்தபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் வேண்டும். இதனைக் கேள்வியுற்று, வீட்டில் ஒரு பெண் கருவுற்றவுடன் பூனையைத் துரத்துவோரும் உளர். அது வேண்டாத அச்சம். நன்கு வேகாத இறைச்சியாலும், கழுவாத மரக்கறியாலும் இந்நோய் பரவுவது உண்டு. பூனையைத் தடவுவதால் அது தொற்றுவது மிக அரிது. அன்றியும், பெரும்பாலான பூனைகள் இளமையில் முதன்முறை நோயுற்ற காலத்தில் ஒன்று முதல் மூன்று கிழமை வரையே இவ் வித்துக்களைக் கழிக்கின்றன. பின்னர் பெரும்பாலும் கழிப்பதில்லை. இவ்வகையில், வேட்டையாடி வளர்ந்த முதிய பூனை, புதிதாக வேட்டை கற்கும் குட்டியிலும் கேடு குறைந்ததாகும்.

இதில் நினைவிற் கொள்ளவேண்டிய கணக்கு ஒன்று உண்டு. மலத்தோடு வெளிவந்த வித்து அக்கணமே நோயைத் தருவதில்லை. அது முதிர்வதற்கு ஒன்று முதல் ஐந்து நாட்கள் செல்லும். முதிர்ந்தபின் ஈர மண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். ஆகவே நாள்தோறும் மலத்தை அள்ளி அகற்றுபவர் நோய் முதிருமுன்னரே அதனை அகற்றிவிடுகின்றார். வளவெங்கும் புதைக்கும் பூனையின் மலத்தை எவரும் நாள்தோறும் தேடி அகற்ற முடியாது. ஒரே பெட்டியிற் புதைக்கும் பூனையினுடையதை அகற்ற முடியும். பழக்குவதன் முழுப் பயனும் இதிலேயே அடங்கியுள்ளது.

கொழுக்கிப்புழுவையும் இங்கு கூறவேண்டும். பூனை, நாய் ஆகியவற்றின் மலத்தோடு விழும் இப்புழுவின் முட்டைகள் நிழலும் ஈரமும் உள்ள மணலிற் பொரித்து, ஏறத்தாழ ஒரு கிழமையில் வெறுங்காலின் தோலைத் துளைத்துச் செல்லும் நிலையை அடைகின்றன. பிள்ளைகளின் பாதத்தில் அரிப்போடு கூடிய சிவந்த கோடொன்று நாளுக்கு நாள் வளைந்து வளைந்து நீளுமாயின், அது பெரும்பாலும் இப்புழுவினால் ஆனது. வைத்தியசாலையில் இதற்கு மருந்துண்டு. நண்பகல் வெயிலிற் காய்ந்து சுடும் மணலில் இப்புழு வாழாது. கிணற்றடி, வாழையடி, வேப்பமர நிழல் ஆகிய இடங்களின் மணலே ஐயத்துக்குரியது.

முன்னேற்பாடு

எல்லாக் கட்டாக்காலிப் பூனையும் ஒரு தன்மையன அல்ல. முன்பு ஒரு வீட்டில் வளர்ந்து கைவிடப்பட்ட பூனை மனிதரைக் கண்டு சற்று விலகிநிற்கும். உணவு வைத்தால் கிட்ட வரும். வாலை உயர்த்திக் கத்தும். வாடிகளின் பின்புறத்திற் பிறந்து மனிதர் கைபடாது வளர்ந்தது, ஆள் அரவங் கேட்டதும் பாய்ந்து மறையும். முன்னையதையே அறையில் அடைத்துப் பழக்கலாம். பின்னையதை அடைத்தால் கண்ணிலும் கையிலும் பாயும். அதற்கு வெளியிலேயே மணற்குழி அமைத்து, உணவு வைக்கும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி விட்டுவிடுவதே தகும்.

பூனை பிறாண்டினாலோ கடித்தாலோ, காயத்தை ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டுக் 15 நிமிடம் கழுவி, தாமதியாது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். விசர்நோய் நாயினால் மாத்திரம் வருவதன்று. வீட்டில் வைத்துக்கொள்ளத் தீர்மானித்த பூனைக்கு விசர்த் தடுப்பூசி ஏற்றுவித்து, குடற்புழுவுக்கும் மருந்து கொடுத்துவிடுதல் வேண்டும்.

அடைப்பதற்கு முன் இரண்டு கிழமையளவு நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உணவு வைத்துப் பழக்குக. பசித்திருக்கும் பூனையே நன்கு எலி பிடிக்கும் என்பது பழைய நம்பிக்கை. உண்மையில் வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். பட்டினிப் பூனையோ அயல்வீட்டுக் கருவாட்டைத் தேடிப்போகும். அன்றியும் பூனையிடம் அளவுக்கு மிஞ்சி எதிர்பார்த்தலும் கூடாது. அது சுண்டெலியையும் இளைய எலியையும் பிடிக்கும். வளர்ந்த அகழானோடு மோதத் துணிவது குறைவு. நியூயோர்க் நகரிற் பெரிய எலிகள் மலிந்த ஓரிடத்தில் நடாத்தப்பெற்று 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், 79 நாட்களில் அங்கு உலாவிய பூனைகள் கொன்ற எலிகள் இரண்டே இரண்டு. நெல்லைக் காப்பது மூடியுள்ள பாத்திரமும், நிலத்தினின்று உயர்த்திய தட்டுமே. பூனை அவற்றுக்குத் துணை. கொடுக்கும் மீனும் மீன் குடலும் வேகவைத்தனவாக இருத்தல் நன்று. பச்சை ஆட்டிறைச்சித் துண்டுகளை எறிதல் ஆகாது. முன்னர்க் கூறிய நோய் பூனைக்கு வரும் வழிகளில் அதுவும் ஒன்று.

நேரந் தவறாது உணவளிப்பதில் வேறொரு நன்மையும் உண்டு. பூனை பெரும்பாலும் உண்டபின்னரும், உறங்கி விழித்தபின்னரும் மலசலங் கழிக்கும். உண்ணும் நேரம் தெரிந்தால் கழிக்கும் நேரமும் தெரியும். அவ்வேளையில் அது எங்கே செல்கின்றது என்பதை நான்கைந்து நாள் உற்றுநோக்கி அவ்விடத்தைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். அவ்விடத்து மணலே பழக்கத்துக்கு முதல் மூலப்பொருள்.

பெட்டியும் மணலும்

பெட்டி இரண்டடி நீளமும் ஒன்றரையடி அகலமும் உடையதாக இருப்பின் வளர்ந்த பூனைக்குப் போதும். அது உள்ளே நின்று முழுதாகத் திரும்புவதற்கு இடம் வேண்டும். மீன் ஏற்றும் பழைய பிளாஸ்ரிக் பெட்டி, நெடுக்காக வெட்டிய தண்ணீர்க் கலன், தகரம் அடித்த பலகைப் பெட்டி ஆகிய எதுவும் ஆகும். துளையுள்ள பெட்டியாயின் அடியில் தடித்த பொலித்தீனை விரித்துக்கொள்க. ஒரு பக்கத்தின் உயரம் நான்கைந்து அங்குலத்துக்கு மேற்படாதிருத்தல் நன்று. மூடி வேண்டியதில்லை. கட்டாக்காலியாகத் திரிந்த பூனை எப்போதும் எதிரியை எதிர்பார்த்தே இருக்கும். வெளியேற ஒரே வாயிலுள்ள மூடிய பெட்டியில் அது புக அஞ்சும்.

கடற்கரை மணல் எளிதிற் கிடைக்கும் என்பதற்காக அதனை அள்ளிவருதல் தவறு. அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், மணல் கசிந்து இறுகும், நாற்றம் வீசும். உள்வளவில் பல மழை கண்டு உப்பு நீங்கிய மணலைச் சிப்பியும் கல்லும் போக அரித்து, இரண்டு நாள் வெயிலிற் காயவைத்துப் பயன்படுத்துக. மூன்றங்குல ஆழம் போதுமானது. அடுப்புச் சாம்பலைப் பலர் இடுகின்றனர். பூனை அதனை விரும்புவது மெய்யே. ஆயினும் சாம்பல் பாதத்தில் ஒட்டி வீடெங்கும் தடம் பதிப்பதோடு, ஈரமாகும்போது காரத்தால் பாதத்தையும் அரிக்கும். உமி காற்றிற் பறக்கும். மரத்தூள் கிடைப்பின் மணலோடு சிறிது கலக்கலாம்.

அயல்நாடுகளிற் கடையில் விற்கும் பூனைமண் தோன்றிய கதையும் சாம்பலோடு தொடர்புடையதே. 1947ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பனியால் மணல் உறைந்துபோகவே பூனைக்குச் சாம்பலிட்டு, அதன் கரித்தடத்தைத் துடைத்துச் சலித்த பெண்ணொருவர் அயலவரிடம் மணல் கேட்டார். அயலவராகிய எட்வேட் லோ, எண்ணெயை உறிஞ்சுவதற்கென விற்றுவந்த உலர்ந்த களிமண் குறுணியைக் கொடுத்தார். அதிலிருந்து ஒரு பெருங் கைத்தொழிலே வளர்ந்தது. மணல் உறைந்துபோகாத மன்னாரில் அதனை விலைகொடுத்து வாங்க வேண்டிய தேவை இல்லை.

அறையிற் பழக்குதல்

சீமெந்துத் தரையுள்ள, காற்றோட்டமான சிறிய அறை ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். தகரக் கூரையின்கீழ் நண்பகலில் அடைத்துவைத்தல் கொடுமையாகும். அறையிற் சாக்கு, துணிக்குவியல், வலைக்கட்டு ஆகியன இருக்கலாகாது. மென்மையான இவற்றின்மேற் சிறுநீர் கழிக்கப் பூனை விரும்பும். ஒரு மூலையிற் பெட்டியும், அதற்கு எதிர்மூலையில் உணவும் நீரும், ஒளிந்துகொள்வதற்கு ஒரு கடதாசிப் பெட்டியும் வைக்க. உண்ணும் இடத்தருகே பூனை மலங்கழியாது.

பெட்டியின் மேற்பரப்பில், முன்பு குறித்துவைத்த இடத்திலிருந்து இரண்டு சிரட்டையளவு மணலை எடுத்துத் தூவி, பூனையின் மலத்துண்டு ஒன்றையும் அதிற் புதைத்துவிடுதல் வேண்டும். இது அருவருப்பாகத் தோன்றலாம். எனினும் இதனைப்போற் பயன்தரும் உபாயம் வேறில்லை. தன் மணத்தை அறிந்தவுடன் பூனை அவ்விடத்தைத் தனதென்று ஏற்றுக்கொள்ளும்.

முதல்நாள் அது ஒளிந்தே கிடக்கும். உண்ணாமலும் மலசலங் கழியாமலும் இருக்கலாம். அதனைத் தூக்கிப் பெட்டியில் வைத்தலும், முன்காலைப் பிடித்து மணலைக் கிளறிக் காட்டுதலும் வேண்டாம். குட்டியிடம் செய்யக்கூடிய இச்செயல், வளர்ந்த பூனைக்குப் பெட்டியின்மேல் அச்சத்தையே விளைவிக்கும். இரவில், ஆளரவம் அடங்கியபின், பெரும்பாலான பூனைகள் தாமே சென்று கழிக்கும். காலையில் மலத்தையும் ஈரமணற் கட்டியையும் அகப்பையால் அள்ளியெடுத்து, புதுமணல் சிறிது இட்டு நிரவிவிடுக. முதல் மூன்று நான்கு நாள், சிறுநீர் பட்ட மணலில் ஒரு பிடியை மாத்திரம் மணத்துக்காக விட்டுவைக்கலாம்.

தரையிற் கழித்துவிட்டதாயின் அடித்தலும், மூக்கை அதிற் தேய்த்தலும் பயனற்றவை. மனிதர் முன்னிலையில் மலங்கழிப்பது ஆபத்து என்பதையே அதனாற் பூனை கற்கும். அப்பால் அது மறைவிடந் தேடிப்போகும். மலத்தை எடுத்துப் பெட்டியில் இட்டு, அவ்விடத்தைச் சவர்க்கார நீராற் கழுவி, வினாகிரி கலந்த நீராலும் துடைத்துவிடுக. பினைல் பயன்படுத்தலாகாது. பால்போல வெண்மையாகும் கழிநீர் மருந்துகளிலுள்ள பொருள்கள் பூனைக்கு நஞ்சு. பாதத்தில் ஒட்டியதை நக்குவதாலேயே அது நோயுறும். அமோனியா மணமுள்ளவையும் சிறுநீரின் மணத்தை நினைவூட்டுமாதலால் விலக்கத்தக்கவை.

ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் கழிக்குமாயின் பூனையைத் திருத்துவதிலும் பெட்டியை அவ்விடத்துக்கு நகர்த்துவது எளிது. பூனையின் முடிவை இவ்வொரு விடயத்தில் ஏற்றுக்கொள்ளுதல் மானக்குறைவன்று.

இரண்டு நாள் முழுவதும் சிறுநீர் கழியாத பூனையை மிருக வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். கடுவன் பூனை அடிக்கடி குந்தி முக்கியும் சிறுநீர் வராவிடின் அது பிடிவாதமன்று, நீர்த்தாரை அடைபட்டிருக்கும். அன்றைக்கே சிகிச்சை பெறாவிடின் இறந்துவிடக்கூடும். பழகிய பூனை திடீரெனப் பெட்டியை விட்டு விலகும்போதும் நோயையே முதலில் ஐயுற வேண்டும்.

கடுவன் பூனை வாலை உயர்த்தி நின்றபடியே சுவரிலும் தூணிலும் சிறுநீரைப் பீச்சுவது வேறு விடயம். அது எல்லை குறிக்கும் செயல். மணற்பெட்டியால் அதனை மாற்றமுடியாது. கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தபின் பெரும்பாலான கடுவன்கள் இவ்வழக்கத்தை விட்டுவிடும். பெட்டைக்கும் அதனைச் செய்வித்தல் நன்று. ஒரு பூனையைப் பழக்கிய வீடு ஆண்டு முடியுமுன் எட்டுப் பூனைகளின் வீடாகாமல் இருப்பதற்கு வேறு வழியில்லை.

வெளியில் விடுதல்

தவறாது இரண்டு கிழமை பெட்டியைப் பயன்படுத்திய பூனையையே அறைக்கு வெளியே விடவேண்டும். அதுவும், பெட்டியில் மலங்கழித்த பின்னர் ஒரு மணிநேரம் வீட்டினுள் உலாவவிட்டு, உணவு நேரத்தில் மீண்டும் அறைக்குள் அழைத்தல் வேண்டும். படிப்படியாக நேரத்தைக் கூட்டிக்கொண்டு போகலாம். வளவுக்குள் விடுவதற்கு முன்னர், அங்குள்ள மற்றைய மணலை அடைக்கும் வேலை முடிந்திருத்தல் இன்றியமையாதது.

நாற்றுமேடையின்மேல் பழைய மீன்வலையை ஒரு சாண் உயரத்தில் முளையடித்து இறுக்கிக் கட்டுக. தொய்வாகக் கிடக்கும் நைலோன் வலையில் ஓணானும் பறவையும், ஏன் பூனையுமே, சிக்கி மாய்வதுண்டு. நட்ட பாத்தியில் செடிகளுக்கிடையே பனையோலைத் துண்டுகளையோ உடைமுள்ளையோ பரப்பலாம். பூனை உலர்ந்து நெகிழ்ந்த மண்ணையே நாடுமாதலால், மாலையில் நீர் ஊற்றி ஈரமாக வைத்திருக்கும் பாத்தியில் அதற்கு விருப்பம் குறைவு. ஆட்டுத் தீவனத்துக்கு மூடியுள்ள பீப்பாய் வேண்டும். சாக்கைத் திறந்தபடி வைப்பவர் வீட்டில் எந்தப் பழக்கமும் பயன்தராது. கருவாட்டை மணலிற் பரப்பாது மூன்றடி உயரப் பரணில் உலர்த்துதல் பூனையினின்று காப்பதோடு, மணலும் ஒட்டாத நல்ல கருவாட்டையும் தரும். அதற்கு விலையும் கூட.

பெட்டியை வீட்டினுள் வைத்திருக்க விரும்பாதோர் அதனை வெளிக்கு மாற்றலாம். ஒரே நாளில் மாற்றினால் பூனை பெட்டியைத் தேடாது; பெட்டி இருந்த இடத்தையே தேடிக் கழிக்கும். நாளொன்றுக்கு ஒரு முழம் வீதம் நகர்த்துக. வெளியே, வீட்டுத் தாழ்வாரத்தை ஒட்டி, நான்கடி நீளமும் மூன்றடி அகலமும் ஓரடி ஆழமும் உடைய தொட்டியொன்றைக் கல்லாலோ பனைக்குற்றியாலோ கட்டி, அடியைச் சீமெந்தாற் பூசி, மேலே கிடுகுக் கூரை வேய்ந்துவிட்டால் அதுவே நிரந்தர மணற்குழி ஆகும். தென்மேற்குப் பக்கத்தை ஓலையால் அடைத்தல் வேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் அப்பக்கம் திறந்திருக்கும் குழியின் மணல் சமையலறைக்கே வந்துசேரும். நாய் வந்து படுக்கக்கூடிய இடமாகவும் அது இருக்கலாகாது. ஒருமுறை நாயாற் துரத்தப்பட்ட பூனை அக்குழிக்கு மீண்டும் வருவது கடினம். இரண்டு பூனையுள்ள வீட்டில் ஒரு குழியோடு ஒரு பெட்டியும் வேறாக இருக்க வேண்டும். வலிய பூனை மற்றதை அண்டவிடாது.

கழிவை அகற்றுதல்

நாள்தோறும் அள்ளிய மலத்தை எங்கே இடுவது என்பதிலும் கவனம் தேவை. தீவின் நன்னீர், உப்புநீரின்மேல் மெல்லிய படையாக மிதப்பது. கிணறுகளோ ஆழங் குறைந்தவை. மணல் எதனையும் எளிதில் கீழே வடியவிடும். ஆகவே கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாத தூரத்தில், நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் அளவில் இரண்டடிக் குழி வெட்டி, இட்டு மூடிவருக. மழைநீர் ஓடும் வழியில் அக்குழி அமையலாகாது. கூட்டெருவிற் கலத்தலும், கீரைப் பாத்திக்கு இடுதலும் கூடாது. கடலில் வீசுதல் மிகத் தவறு. அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையில், நிலத்திலிருந்து மழைநீரோடு சென்ற டொக்சோபிளாஸ்மா வித்துக்களாற் கடல்நீர்நாய்கள் நோயுற்று இறந்தமை ஆராய்ச்சியாளராற் கண்டறியப்பட்டுள்ளது. கடல் பெரிதாகையால் யாவும் கரைந்துபோகும் என்னும் எண்ணம் இதனாற் பொய்யாயிற்று.

பெட்டியிலுள்ள மணல் முழுவதையும் இரண்டு கிழமைக்கொருமுறை மாற்றி, பெட்டியைச் சவர்க்காரத்தாற் கழுவி, கொதிநீர் ஊற்றிச் சில நிமிடம் விட்டு, பின் வெயிலிற் காயவைத்தல் வேண்டும். குளோரின் கலந்த நீர் வேறு கிருமிகளைக் கொன்றாலும் மேற்கூறிய வித்துக்களைக் கொல்வதில்லை, கொதிநீரே கொல்லும். மெல்லிய பிளாஸ்ரிக் பெட்டியாயின் கொதிநீரில் வளையுமாதலால் பலகைப் பெட்டியே நெடுங்காலம் உழைக்கும். அகப்பையை வேறு எவ்வேலைக்கும் எடுக்கலாகாது.

மாரி காலம்

பழகிய பூனைகள் பல பழக்கத்தை இழப்பது ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள காலத்திலேயே. மன்னார் ஆண்டு முழுவதும் பெறும் மழையிற் பெரும்பகுதி இம்மாதங்களில் வாடைக் காற்றோடு பெய்கின்றது. வளவு மணல் முழுதும் நனைந்துபோகும்போது, வெளியிற் திரியும் அயற்பூனைகளும் உலர்ந்த இடந்தேடி வீட்டுத் தாழ்வாரத்துக்கு வரும். அடுப்புச் சாம்பலும், நெல் மூட்டையும், தீவன அறையுமே அவற்றுக்கு உலர்ந்த இடங்கள். வீட்டுப் பூனையின் குழி ஒழுகி நனைந்திருந்தால் அதுவும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும்.

ஆதலால் புரட்டாதி முடியுமுன், நன்கு காய்ந்த மணலை ஐந்தாறு சாக்குகளில் நிரப்பி, நிலத்திற் படாது பலகைமேல் அடுக்கிவைத்தல் வேண்டும். கிடுகுக் கூரையையும் அப்போதே புதுக்கிவிடுக. மழை தொடங்கியபின் குழிமணலைக் கிழமைக்கொருமுறை கையால் அள்ளிப் பார்த்து, உருண்டையாகப் பிடிக்குமாயின் உடனே மாற்ற வேண்டும். இரவில் அடுப்பு வாயைத் தகரத்தாலும், தீவன அறைக் கதவின் அடி இடைவெளியைப் பலகையாலும் அடைத்துவிடுக. அப்பெருமழை நாட்களில் மாத்திரம் முன்னைய பெட்டியை வீட்டினுள் பழைய மூலையிலேயே உலர்மணலோடு வைத்தால், பூனை அதனை உடனே அடையாளங் கண்டுகொள்ளும். தை பிறந்து மணல் உலர்ந்ததும், முன்போலவே முழம் முழமாக வெளியே நகர்த்தலாம்.